வெள்ளம் வடிந்த பின் நம் கடமை



அன்பார்ந்த பாலோ ஜமாஅத் சகோதரர்களே,

நாம் ஆலிம் அல்ல. தராசும் பேரேடும் நமது தொழில். ஆயினும் சிறு வயதில் மதரஸாவில் ஓதியதையும், கடையில் உட்கார்ந்து கண்டதையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. அதை இந்த மழைக் காலத்துக்கு முன்பாக உங்கள் சமூகத்தில் வைப்பது அவசியம் என்று கருதுகிறோம். வெள்ளத்தில் அகப்பட்டவனுக்கு ஒரு வேளைச் சோறு போடுவதோடு நம் கடமை தீர்ந்துவிடுவதில்லை. அவன் மறுபடி தன் தொழிலில் கால் ஊன்றி நிற்கும் வரை அந்தக் கடமை நீடிக்கிறது. அதற்கான ஏற்பாட்டை வானம் இருண்ட பிறகு செய்ய முடியாது. வெயில் அடிக்கும்போதே செய்தாக வேண்டும்.

நமது ஜொகூருக்கு வெள்ளம் புதிதல்ல. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக் காற்று மழையைக் கொண்டு வருகிறது. 2006 டிசம்பரில் கொட்டிய மழையில் சிகாமட், குளுவாங், பத்து பஹாட், கோத்தா திங்கி முதலிய பகுதிகள் மூழ்கின. தண்ணீர் வடிந்தது. ஜனங்கள் வீடு திரும்பினார்கள். சேற்றை வாரிக் கொட்டினார்கள். கடைகளைக் கழுவிப் புதுச் சரக்கு வாங்கி அடுக்கினார்கள். சில வாரங்கள்தான் சென்றிருக்கும், 2007 ஜனவரியில் இரண்டாவது வெள்ளம் வந்து நின்றது. கோத்தா திங்கியில் அது முதல் வெள்ளத்தையும் மிஞ்சி உயர்ந்தது. இவ்விரண்டு வெள்ளத்திலும் இடம் பெயர்ந்தவர்கள் 1 லட்சத்துக்கும் அதிகம். முதல் வெள்ளத்தில் கைப்பணத்தை இழந்த வியாபாரி, இரண்டாவது வெள்ளத்தில் கடன் வாங்கிய பணத்தையும் இழந்தான்.

பிறகு 2023 மார்ச். பருவ மழை முடியும் தறுவாய், இனி பயமில்லை என்று எல்லோரும் நினைக்கும் மாதம். அப்போதுதான் சிகாமட், சாஆ, யோங் பெங், பத்து பஹாட், நம் குளுவாங் மாவட்டம் எல்லாம் தண்ணீரில் தத்தளித்தன. ஜொகூரில் 40,000 பேருக்கு மேல் நிவாரண மையங்களில் தங்கினார்கள். பத்து பஹாட் தாழ்ந்த பூமி; ஆறு மெதுவாக ஓடும் இடம். அங்கே வெள்ளம் வடியப் பல வாரங்கள் ஆயின. இரண்டு நாள் கஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். பல வாரங்கள் கடை பூட்டிக் கிடந்தால் ஒரு குடும்பம் என்ன ஆகும் என்பதை வியாபாரிகளாகிய நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சிலர் சொல்லக் கூடும்: "வெள்ளம் ஆண்டவன் நாட்டம். அதற்கு முன்னேற்பாடு செய்வது தவக்குலுக்கு விரோதமல்லவா?" விரோதமல்ல, சகோதரர்களே. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டலாமா என்று கேட்டவரிடம், முதலில் கட்டு, பிறகு தவக்குல் வை என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பதில் அளித்ததாக ஹதீஸில் வந்திருக்கிறது. குர்ஆன் ஷரீஃபில் ஹஜ்ரத் யூஸுஃப் (அலை) அவர்களுடைய சரித்திரத்தைப் பாருங்கள். மிஸ்ரு நாட்டு அரசன் கண்ட கனவுக்கு விளக்கம் சொன்ன அந்த நபி, பஞ்சம் வரப் போகிறது, துஆச் செய்யுங்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. செழிப்பான ஏழு வருஷங்களில் விளைந்ததைக் கதிரோடு சேமித்து வைக்கச் சொன்னார்கள். பிறகு தானிய பண்டாரங்களின் பொறுப்பைத் தாமே கேட்டு ஏற்றுக்கொண்டார்கள். வரப் போகும் கஷ்டம் எது, அதற்கு எவ்வளவு சேமிப்பது, எப்படிக் கெடாமல் காப்பது, யார் கையில் சாவி இருப்பது என்ற நான்கு கேள்விக்கும் அந்தச் சரித்திரத்தில் பதில் இருக்கிறது. வெள்ளம் வருமுன் அணை கோலு என்று நம் தமிழ்ப் பெரியவர்கள் சொன்னதும் இதைத்தான்.

இனி, உதவி எதுவரை என்ற கேள்வி. கபீஸா இப்னு முகாரிக் (ரலி) என்ற ஸஹாபி ஒரு கடன் பொறுப்பை ஏற்றுக்கொண்டு ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்களிடம் உதவி கேட்டு வந்தபோது, யார் யார் பிறரிடம் கேட்கலாம் என்பதை நாயகம் அவர்கள் விவரித்துச் சொன்னார்கள். அவர்களில் ஒருவன், ஆபத்து ஒன்று வந்து தன் பொருளையெல்லாம் அழித்துவிட்டவன். அவன் எதுவரை கேட்கலாம்? பசி தீரும் வரை என்று சொல்லவில்லை. வாழ்க்கை நிலைபெறும் அளவு கிடைக்கும் வரை கேட்கலாம் என்று எல்லை வகுத்தார்கள். அதற்கு மேல் கேட்பது அவனுக்கு ஆகாது.

இந்த ஹதீஸைக் கேட்பவன் பக்கத்திலிருந்து பார்ப்பதுதான் வழக்கம். கொடுப்பவன் பக்கத்திலிருந்தும் ஒரு தடவை பாருங்கள். அவன் கேட்பதற்கு எது எல்லையோ, நாம் கொடுப்பதற்கும் அதுவே எல்லை. மூன்றாம் நாள் சோற்றுப் பொட்டலத்தோடு நாம் கை கழுவிக்கொண்டால், அவன் எல்லையை அடையுமுன் நாம் வழியில் நின்றுவிட்டோம் என்றே அர்த்தம்.

"அரசாங்கம் இருக்கிறதே" என்று மற்றொரு சாரார் சொல்லலாம். இருக்கிறது, அதற்கு நாம் நன்றி பாராட்ட வேண்டும். 1971 ஜனவரியில் கோலாலம்பூர் மூழ்கியதற்குப் பிறகு அதே வருஷத்தில் வெள்ளக் கட்டுப்பாட்டுக்கு நிரந்தரக் கமிஷன் ஏற்பட்டது. 1997-ல் தேசியப் பாதுகாப்பு மன்றம் பிறப்பித்த 20-ம் எண் உத்தரவு, ஆபத்துக் காலத்தில் மாவட்டம், மாநிலம், மத்தி என்று யார் யார் பொறுப்பு என்பதை வகுத்தது. மாவட்டக் கமிட்டிக்கு மாவட்ட அதிகாரியே தலைவர். 2014 டிசம்பரில் கிளந்தானும் கிழக்குக் கரையும் அழிந்த பிறகு, 2015-ல் நட்மா என்னும் தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனம் உண்டாயிற்று. நிவாரண மையத்தைச் சமூக நல இலாகா நடத்துகிறது; பொதுத் தற்காப்புப் படை படகு கொண்டு வருகிறது. 2021 டிசம்பர் வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட குடும்பத் தலைவருக்கு 1,000 வெள்ளி உதவித் தொகை கிடைத்தது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த 1,000 வெள்ளியில் ஒரு குடும்பம் மெத்தை வாங்குமா, பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடை வாங்குமா, கடைக்கு அரிசி மூட்டை வாங்குமா? தோட்டத்தில் மழை நாளில் பால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. கூலி இல்லையென்றால் நம் கடையில் பற்று அடையாது. பற்று அடையாவிட்டால் மொத்த வியாபாரிக்கு நாம் பணம் கட்ட முடியாது. இந்தச் சங்கிலியை அரசாங்க இலாகா அறியாது. அறிந்தவர்கள் நாம். ஆகவே சங்கிலி அறுந்த இடத்தில் முடி போடுவதும் நம் பொறுப்பே.

முன்னேற்பாடு இல்லாத தர்மம் எங்கே போய் முடியும் என்பதற்கு நம் முன்னோர் கப்பலேறிய கரையே சாட்சி. 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மாத்திரம் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். நாகூர் தர்ஹா தன் நிலத்தை மய்யித்துகளை அடக்கத் திறந்துவிட்டது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற பேதம் அங்கே பார்க்கப்படவில்லை. பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார், கடற்கரையிலிருந்து ஓடி வந்த மீனவக் குடும்பங்களுக்குத் தங்க இடம் கொடுத்துப் பல நாள் சமைத்துப் போட்டார்கள். இவற்றைக் கேட்கும்போது நெஞ்சு நிறைகிறது.

அதே கரையில் வேறொன்றும் நடந்தது. ஊர் ஊராக லாரிகளில் பழைய துணிகள் வந்து குவிந்தன. அம்மக்களுக்கு அவை தேவைப்படவில்லை. சாலை ஓரத்தில் மலை மலையாகக் கிடந்து மழையில் நனைந்தன. பிறகு படகு கொடுக்கும் காலம் வந்தது. கொடுத்தவர்கள் ஒருவரையொருவர் கேட்காமல் கொடுத்தபடியால், சுனாமிக்கு முன் இருந்ததைவிட அதிகமான கண்ணாடியிழைப் படகுகள் கரையில் ஏறின. ஆனால் படகே இல்லாமல் கூலிக்குப் போனவனும், தலையில் கூடை சுமந்து மீன் விற்ற பெண்ணும், கரையில் சிறு கடை வைத்திருந்தவனும் பின்னால் நின்றார்கள். படகு இழந்தவன் யார் என்ற பட்டியல் இருந்தது. பிழைப்பு இழந்தவர் யார் என்ற பட்டியல் இல்லை. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே நாகப்பட்டினத்தில் தொண்டு நிறுவனங்கள் ஒன்றுகூடி ஒருங்கிணைப்பு மையம் ஒன்றை நிறுவின. எந்தக் கிராமத்துக்கு என்ன தேவை, யார் எதைக் கொடுக்கிறார்கள் என்று அங்கே கணக்கு வைக்கப்பட்டது.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது வியாபாரிக்குச் சொன்ன பழமொழி. தர்மத்துக்கும் அது பொருந்தும்.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், ஹிஜ்ரி 18-ல், ஹிஜாஸில் கடும் பஞ்சம் உண்டாயிற்று. பூமி சாம்பல் நிறமாகிப் போனதால் அதற்குச் சாம்பல் ஆண்டு என்று பெயர். கலீஃபா அவர்கள் நெய்யையும் இறைச்சியையும் தமக்கு விலக்கிக்கொண்டார்கள் என்பதை நாம் பயானில் பலமுறை கேட்டிருக்கிறோம். அதோடு அவர்கள் செய்த நிர்வாகத்தையும் சரித்திர ஆசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். வெளி நாட்டு கவர்னர்களுக்குக் கடிதம் எழுதி உணவு வரவழைத்தார்கள். பந்தியில் உண்டவர்களையும், நோயினாலும் முதுமையினாலும் வர இயலாதவர்களையும் தனித்தனியே எண்ணச் சொன்னார்கள். அந்த வருஷத்து ஜகாத் வசூலைத் தள்ளி வைத்தார்கள். மழை பெய்த பிறகு, மதீனாவுக்கு வந்து குவிந்திருந்த நாட்டுப்புறத்து மக்களுக்கு வழிக்கு உணவும் ஏறிச் செல்ல வாகனமும் கொடுத்து அவரவர் ஊருக்கு அனுப்பினார்கள். எண்ணிக்கை, விநியோகம், வசூலில் சலுகை, ஊர் திரும்ப ஏற்பாடு. இன்று பெரிய பெரிய நிபுணர்கள் மறுவாழ்வுத் திட்டம் என்று எழுதுவதில் இந்த நான்கும் அடக்கம்.

வியாபாரிகளாகிய நமக்கு விசேஷமான மூன்று கடமைகள் உண்டு.

ஒன்று, நனைந்த சரக்கு. ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றான் வியாபாரி. அப்படியானால் ஜனங்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, மோசடி செய்பவன் தம்மைச் சேர்ந்தவன் அல்லன் என்று எச்சரித்தார்கள். மழையில் நனைந்த தானியம்! இது வெள்ளத்துக்குப் பிறகு கடை திறக்கும் ஒவ்வொருவருக்கும் நேராகச் சொன்னது போலிருக்கிறது. வெள்ள நீர் பட்ட அரிசி, மாவு, உப்பின டப்பா ஆகியவற்றைக் காய வைத்துக் கலந்து விற்பது ஹராம் மாத்திரமல்ல, ஆளைக் கொல்லும் காரியம். அந்தத் தண்ணீரில் எலியின் மூத்திரமும் சாக்கடையும் கலந்திருக்கின்றன. எலிக் காய்ச்சல் அதிலிருந்துதான் வருகிறது. கடை கழுவுகிறவர்களும் ரப்பர் பூட்ஸும் கையுறையும் இல்லாமல் சேற்றில் இறங்கலாகாது.

இரண்டு, விலை. ரயிலும் ரோடும் அறுந்து சரக்கு வராத வாரத்தில் மெழுகுவர்த்திக்கும் ரொட்டிக்கும் பால் மாவுக்கும் விலை ஏற்றுவதும், விலை ஏறட்டும் என்று பதுக்குவதும் நம் மார்க்கம் கண்டித்த செயல்கள். அந்த ஒரு வாரத்து லாபத்தை ஊர் இருபது வருஷம் மறக்காது. அல்லாஹ்வும் மறக்க மாட்டான்.

மூன்று, கடன். கடனாளி கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும் வரை தவணை கொடுக்கும்படியும், அதை தர்மமாக விட்டுவிடுவது இன்னும் மேல் என்றும் குர்ஆன் ஷரீஃப் போதிக்கிறது. இதில் நம் பேரேட்டுக்கு வேலை இருக்கிறது. வெள்ளத்துக்கு முந்திய பற்றைத் தனிப் பக்கத்தில் எழுதி நிறுத்தி வையுங்கள். தோட்டத்தில் வேலை துவங்கி இரண்டு சம்பளம் வாங்கும் வரை அந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டாம். புதுப் பற்றுக்கு அளவு வைத்துக் கொடுங்கள். மொத்த வியாபாரியிடம் நாமும் இதே தவணையைக் கேட்க வேண்டும். தனித் தனியாகக் கேட்டால் காதில் ஏறாது, ஜமாஅத்தாகச் சேர்ந்து கேட்டால் ஏறும்.

இனி, நாம் செய்யக் கூடிய ஏற்பாட்டைச் சொல்கிறோம். இதை வருகிற மாதக் கூட்டத்தில் விவாதித்து முடிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவது, ஒரு ஜாபிதா. நம்மவர், அடுத்த வீட்டுச் சீனர், மலாய்க்காரர், இந்து சகோதரர் என்று பாராமல், தாழ்ந்த இடத்தில் குடியிருக்கும் வயோதிகர், கர்ப்பிணி, படுக்கையில் இருப்பவர், சிறுநீரகத்துக்கு ரத்தம் சுத்தி செய்துகொள்பவர் ஆகியோரைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொருவரையும் யாருடைய வண்டியில் ஏற்றுவது என்பதையும் எதிரே எழுதிவிட வேண்டும். அதே ஏட்டில் ஒவ்வொரு குடும்பமும் எந்தப் பிழைப்பில் இருக்கிறது என்றும் எழுதுங்கள். நாகப்பட்டினத்தில் இல்லாமல் போனது இந்தக் கடைசிக் கலம்தான்.

இரண்டாவது, பத்திரங்கள். வியாபாரப் பதிவு, லைசென்ஸ், குத்தகைப் பத்திரம், பற்றுப் பேரேடு ஆகியவற்றைத் தண்ணீர் புகாத பையில் போட்டு மாடியுள்ள கடையில் வைக்க வேண்டும். கைபேசியில் படம் எடுத்து வெளியூரிலுள்ள உறவினருக்கும் அனுப்பிவிடலாம். தண்ணீர் வடிந்ததும் துடைப்பத்தை எடுக்குமுன் நஷ்டத்தைப் படம் பிடித்து, போலீஸில் புகார் எழுதி வைக்க வேண்டும். கழுவிய கடையைக் காட்டி நஷ்டஈடு கேட்க முடியாது.

மூன்றாவது, தகாஃபுல். நமது நாட்டில் 1984-ல் அதற்கென்று சட்டம் வந்தது. நெருப்புக்குப் பாதுகாப்பு எடுத்தவர் பலர், வெள்ளத்துக்கும் அதுவே போதும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வெள்ளத்தைத் தனியாகச் சேர்த்துக் கட்டணம் கட்டினால்தான் அது சேரும். மோட்டார் வண்டிக்கும் இதே விதி. பத்திரத்தை இன்றே எடுத்துப் படித்துப் பாருங்கள்.

நான்காவது, மறுவாழ்வு நிதி. ஜகாத்துக்கு உரியவர்களைக் குர்ஆன் எட்டு வகையாக வகுத்திருக்கிறது. ஜொகூரில் அதை மாநில இஸ்லாமிய சமய மன்றம் நிர்வகிக்கிறது. ஆகவே இந்த நிதி ஸதகாவாகவே இருக்கட்டும்; அப்போது எந்த மதத்து அண்டை வீட்டாருக்கும் தயக்கமின்றிக் கொடுக்கலாம். 20 கடைக்காரர்கள் மாதம் 50 வெள்ளி போட்டால் ஒரு வருஷத்தில் 12,000 வெள்ளி சேரும். அதில் பாதியைச் சேறு வாரவும் மருந்துக்கும் சமையலுக்கும் ஒதுக்கலாம். மறுபாதியை வட்டியில்லாத அழகிய கடனாகக் கொடுக்கலாம். தையல்காரனுக்குத் தையல் மெஷின், கறி விற்பவனுக்குத் தராசு, பலகாரம் சுடும் விதவைக்கு அடுப்பும் ஒரு மூட்டை மாவும் என்று பிழைப்பைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். கணக்கை மாதா மாதம் பள்ளிவாசலில் ஒட்ட வேண்டும். கணக்குத் தெரிந்தால் சந்தா தானாக வரும்.

ஐந்தாவது, மாவட்ட அலுவலகத்துக்கும் சமூக நல இலாகாவுக்கும் நம் ஜமாஅத்தின் இரண்டு பெயர்களை முன்கூட்டியே கொடுத்து வைப்பது. வெள்ளத்தன்று அறிமுகம் செய்துகொள்ள நேரம் இராது. அவர்கள் சோறு கொடுக்கும் இடத்தில் நாமும் சோறு கொண்டு போக வேண்டியதில்லை. அவர்கள் கை எட்டாத இடம் எது என்று கேட்டுப் போனால் போதும்.

அன்ஸாரிகளில் ஓர் ஏழை தர்மம் கேட்டு வந்த சம்பவம் ஹதீஸ் கிரந்தங்களில் இருக்கிறது. நாயகம் (ஸல்) அவர்கள், அவர் வீட்டிலிருந்த விரிப்பையும் குவளையையும் கொண்டு வரச் செய்து இரண்டு திர்ஹத்துக்கு ஏலம் விட்டார்கள். ஒரு திர்ஹத்துக்குக் குடும்பத்துக்கு உணவு. மற்றொரு திர்ஹத்துக்குக் கோடரி. அந்தக் கோடரிக்குத் தம் திருக்கரத்தாலேயே பிடி போட்டுக் கொடுத்து, விறகு வெட்டி விற்றுவிட்டுப் பதினைந்து நாள் கழித்து வரும்படி அனுப்பினார்கள். அவர் பத்து திர்ஹம் சம்பாதித்துக்கொண்டு திரும்பி வந்தார். இன்றைய பசிக்கு ஒரு பங்கு, நாளைய பிழைப்புக்கு ஒரு பங்கு, பிறகு என்ன ஆயிற்று என்று விசாரிக்க ஒரு நாள். பதினைந்தாம் நாள் விசாரிப்பதைத்தான் நாம் எல்லோரும் விட்டுவிடுகிறோம். வெள்ளம் வடிந்து பதினைந்தாம் நாள், நாற்பதாம் நாள், நூறாவது நாள் என்று ஜாபிதாவைக் கையில் எடுத்து வீடு வீடாகப் போய், தொழில் துவங்கியதா என்று கேட்க இரண்டு வாலிபர்களை இப்போதே நியமித்துவிடுவோம்.

இந்த வருஷம் மழை லேசாகப் பெய்து போய்விட்டால் அல்ஹம்துலில்லாஹ். நிதி அடுத்த வருஷத்துக்கு இருக்கும், ஜாபிதா அடுத்த வருஷத்துக்கு உதவும். பலமாகப் பெய்துவிட்டால், நம் தெருவில் ஒரு கடையின் பூட்டு திறக்காமலே துருப்பிடித்தது என்ற பெயர் பாலோவுக்கு வர வேண்டாம்.

வல்ல நாயன் நம்மையும் நம் அண்டை அயலாரையும் வெள்ளத்தின் தீங்கிலிருந்து காப்பானாக. சோதனை வந்தால் பொறுமையையும், வருமுன் ஏற்பாடு செய்யும் புத்தியையும் தருவானாக. விழுந்தவனை எழுப்பி அவன் தொழிலில் நிறுத்தும் வரை கை விடாத ஜமாஅத்தாக நம்மை ஆக்குவானாக. ஆமீன்.